இரண்டும் நூறு சதவீதம் காட்டன்தான். ஒன்று மெலிகிறது, இன்னொன்று உருண்டை கட்டுகிறது, ஏன்?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் தேக்கா பக்கம் போய் ஒரே நாளில் இரண்டு செட் படுக்கை விரிப்பு வாங்கினாராம். ஒன்று 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மற்றது 45 வெள்ளி. இரண்டு பையிலும் "நூறு சதவீதம் காட்டன்" என்றுதான் போட்டிருந்தது. ஒரே மெஷின், ஒரே சோப்புத்தூள், ஒரே மூங்கில் கம்பு, மழை நாளில் ஒரே டிரையர். இப்போது விலை குறைந்த விரிப்பு தலைமாட்டில் மெலிந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் கொசுவலை மாதிரி தெரிகிறது. டிரையர் வடிகட்டியில் ஒவ்வொரு தடவையும் ஒரு கை பஞ்சு. விலை கூடியது மெலியவே இல்லை, ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாக உருண்டை கட்டி, படுத்தால் முதுகில் உறுத்துகிறது. மெஷின் கோளாறா, தூள் கோளாறா, இல்லை கடையில் ஏமாற்றிவிட்டார்களா என்பது கேள்வி. கூடவே, மகனுடைய டீ-சட்டையில் பக்கத் தையல் ஏன் துவைக்கத் துவைக்கச் சுற்றிக்கொண்டு தொப்புளை நோக்கி வருகிறது என்று ஒரு துணைக் கேள்வி.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை தங்கச்சி. இரண்டும் பருத்திதான். அந்தப் பருத்தியை எப்படி நூலாக்கினார்கள் என்பதை மட்டும் பையில் யாரும் அச்சடிப்பதில்லை. நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் எட்டு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசர். அப்புறம் இங்கே வந்து ஹோட்டல் துணி வெளுக்கும் ஆலையில் பதினேழு வருடம். நூல் பிறக்கிற இடத்தையும் அது சாகிற இடத்தையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் சலவையில் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் பருத்திக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நனைந்த பருத்தி இழை காய்ந்த இழையைவிடப் பத்து இருபது சதவீதம் வலுவாக இருக்கும். அந்தக் காலத்தில் இங்கே தோபி காட் பகுதியில், பிராஸ் பசா ஓடைக்கரையில், நம் ஊர் சலவைத் தொழிலாளர்கள் கல்லில் அடித்து அடித்து வெளுத்தும் துணி தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் துணியை அப்படி அடித்திருந்தால் அன்றைக்கே கந்தல்தான். அது நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும்.

அப்படியானால் துணி ஏன் தேய்கிறது? 30ஆம் நம்பர் நூல் (நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது) ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே சுமார் 110, 120 இழைகள் இருக்கும். ஒவ்வொரு இழையும் 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம், நம் சுண்டுவிரலில் பாதிதான். இதற்குப் பசை கிடையாது, முடிச்சு கிடையாது. முறுக்கினால் ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். மெஷினில் துணியோடு துணி உரசும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனி எதிலாவது மாட்டி இழுபடுகிறது. உள்ளே போதுமான நீளம் பிடிபட்டிருந்தால் அது தாக்குப்பிடிக்கும். இல்லையென்றால் உருவிக்கொண்டு வந்துவிடும். உங்கள் டிரையர் வடிகட்டியில் இருக்கும் பஞ்சு, தூசியோ அழுக்கோ இல்லை. அது உங்கள் விரிப்பு.

இழை பாதி உருவி, முழுதாக விழாமல் பக்கத்து இழையோடு சிக்கிச் சுருண்டால் அது உருண்டை. திருப்பூரில் இதைப் பில்லிங் என்பார்கள். முழுதாக உருவி விழுந்துவிட்டால் அந்த இடம் மெலிகிறது. ஆக உங்கள் இரண்டு விரிப்பும் ஒரே நோயின் இரண்டு முகம். எது வரும் என்பதை நூற்ற முறையும் இழையின் நீளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

நூற்கும் முறையில் இன்று மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நம் வீட்டுத் தலைமுடியை வைத்தே சொல்லிவிடலாம்.

ரிங் நூற்பு என்பது சடை பின்னுவது மாதிரி. 1828இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனை, இன்றைக்கும் அதே அடிப்படைதான். உருளைகளுக்கு இடையே இழைகளை நேராக நீட்டி, ஒரு தட்டையான நாடாவாக வெளியே விட்டு, கதிர் என்ற சுழலும் தண்டு நிமிடத்துக்கு 15,000, 20,000 சுற்று சுற்றி முறுக்கேற்றுகிறது. அப்போது ஓரத்து இழைகள் இறுகி உள்ளே போகின்றன, உள்ளே இருந்தவை வெளியே தள்ளப்படுகின்றன. ஒரே இழை கொஞ்ச தூரம் மேலே, கொஞ்ச தூரம் நடுவே என்று மாறி மாறி ஓடும். மேலே மட்டும் கிடக்கும் இழை என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. எல்லாமே எங்கேயோ ஓரிடத்தில் மற்றவற்றால் அமுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஒரே பருத்தி, ஒரே நம்பர் என்றால் ரிங் நூல்தான் வலு. தொட்டாலும் மெத்தென்று இருக்கும்.

குறை எங்கே என்றால், உருளையை விட்டு வெளியே வந்து முறுக்கு ஏறும் வரைக்கும் ஒரு சின்ன முக்கோணம் உண்டு, சில மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் ஓரத்து இழைகளின் நுனி பிடிக்குள் வராமல் தப்பிவிடுகிறது. நூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கம்பளிப்பூச்சி மாதிரி பிசிறு தெரிவது அதனால்தான். இந்தப் பிசிறுதான் கடையில் தொடும்போது "ஆகா, என்ன மிருது" என்று சொல்ல வைப்பது. பத்தாவது சலவையில் உருண்டை கட்டுவதும் இதே பிசிறுதான். உங்கள் 45 வெள்ளி விரிப்பின் கதை இது என்று நினைக்கிறேன். இழை நீளமாக இருப்பதால் விழ மாட்டேன் என்கிறது, விழாததால் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது.

1990களின் கடைசியில் வந்த காம்பாக்ட் நூற்பு அந்த முக்கோணத்தையே கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. முறுக்கேறுவதற்கு முன்பே துளையிட்ட பட்டை வழியாகக் காற்றை உறிஞ்சி இழைகளை ஒன்றாக நெருக்கிவிடுவார்கள். பிசிறு வெகுவாகக் குறையும். நல்ல வெள்ளைச் சட்டை ஐம்பது சலவைக்கு அப்புறமும் மொழுமொழுவென்று இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் விலை, ஆனால் என் காசு என்றால் இதற்குத் தயங்க மாட்டேன்.

இரண்டாவது ஓபன் எண்ட். எங்கள் பக்கம் சுருக்கமாக ஓ.இ. என்போம். 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பி.டி. 200 என்ற மெஷின் சந்தைக்கு வந்ததிலிருந்து இது பரவியது. இது சடை இல்லை. குளித்துவிட்டு அவசரமாக முடியை அள்ளிச் சுருட்டி, மேலே ரப்பர் பேண்ட் போடுகிறோமே, அந்த மாதிரி. ரம்பப் பல் வைத்த உருளை பஞ்சு வடத்தைத் தனித்தனி இழையாகப் பிய்த்துவிடும். காற்று அவற்றை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் இழுத்துப் போகும். அந்தக் கிண்ணம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். இழைகள் அதன் உள்விளிம்பில் அடுக்கடுக்காகப் படிந்து, அங்கிருந்து நூலாக உரிந்து வரும். காற்றில் பறந்து வரும் இழை நேராக விழுமா? மடங்கியும் கொக்கி போலும் விழும். 28 மில்லிமீட்டர் இழை மடங்கிக் கிடந்தால் பிடிக்குள் இருப்பது 14தான். கடைசி நேரத்தில் வந்து விழும் சில இழைகள் ஏற்கெனவே ஆன நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்ளும், அதுதான் ரப்பர் பேண்ட். இதே பருத்தியில் ரிங் நூலைவிட ஓ.இ. நூல் வலுவில் 15 முதல் 25 சதவீதம் குறைவு.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு "ஓ.இ. மட்டம்" என்று முடிவுகட்டுவது தப்பு. அந்த ரப்பர் பேண்ட் இழைகள் பிசிறை அமுக்கிப் பிடிப்பதால் ஓ.இ. துணி பொதுவாக ரிங் துணியைவிடக் குறைவாகவே உருண்டை கட்டும். நூலின் பருமனும் மேடு பள்ளம் இல்லாமல் சீராக இருக்கும். ஜீன்ஸில் எவ்வளவோ ஓ.இ. நூல் போகிறது, யாரும் குறை சொல்வதில்லை. பருமனான நூலில், அதாவது 10, 16, 20 நம்பரில், அதன் வலுக் குறைவு தெரியவே தெரியாது; அந்தப் பருமனில் இழைகள் அத்தனை இருக்கும். நம்பர் ஏற ஏற, நூல் மெல்லியதாக ஆக ஆகத்தான் அதன் பாடு திண்டாட்டம்.

பிறகு ஏன் அதற்கு இவ்வளவு கெட்ட பெயர்? இதை நான் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் ஆலையில் கோம்பர் என்று ஒரு மெஷின் உண்டு. பேன்சீப்பு மாதிரி பஞ்சை வாரும். நீளமான இழைகள் ஒரு பக்கம் பளபளவென்று பட்டு நாடா போல ஓடும். குட்டை இழைகள், வந்த பஞ்சில் 15 முதல் 20 சதவீதம், பின்பக்கம் பஞ்சுப் பொதியாக விழும். அதற்கு நோயில் என்று பெயர். கையில் எடுத்தால் கிழவர் தாடி போல வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு விரலால் இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் பிரிந்துவிடும். நாடாவாக ஓடிய பஞ்சு கோம்டு நூலாகி ஏற்றுமதிச் சட்டைக்கும் நல்ல விரிப்புக்கும் போகும். பொதியை லாரியில் ஏற்றி ஓ.இ. மில்லுக்கு விற்றுவிடுவோம். அங்கே அதோடு வேறு கழிவும் கலந்து நூலாகி, மலிவு விரிப்பு, துடைக்கும் துணி, மிதியடி என்று வெளியே வரும். யோசித்துப் பாருங்கள், உங்கள் 45 வெள்ளி விரிப்பிலிருந்து வாரி எடுத்ததே 28 வெள்ளி விரிப்பாக ஆகியிருக்கலாம். இரண்டும் நூறு சதவீதம் காட்டன் என்பது சத்தியமான வார்த்தை.

ஆக ஓ.இ. மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் குட்டை இழையின் பழி. குட்டை இழையை நூலாக்க ரிங் மெஷின் திணறும், ஓ.இ. விழுங்கிவிடும். அதனால் குட்டை இழை அங்கே போய்ச் சேர்கிறது. உருண்டை கட்டுவதற்குக்கூட நேரமில்லாமல் உருவி விழுந்துவிடுகிறது. வடிகட்டி நிறைகிறது, விரிப்பு மெலிகிறது.

மூன்றாவது காற்றுச் சுழலில் நூற்பது, வோர்டெக்ஸ். ஜப்பானின் முராத்தா நிறுவனம் 1997இல் காட்டிய முறை. நேராக வாரிய முடியைக் குதிரைவாலாகக் கட்டி, மேலே ரிப்பன் சுற்றியது போல: நடுவே முறுக்கில்லாத இழைகள், வெளியே காற்று சுற்றிவிட்ட இழைகள். ரிங் மெஷின் நிமிடத்துக்கு இருபது மீட்டர் சொச்சம் நூல் கொடுத்தால் இது 400 மீட்டருக்கு மேல் கொடுக்கும். பிசிறு மிகக் குறைவு, அதனால் சலவையில் உருண்டை கட்டுவதும் குறைவு. தொட்டால் கொஞ்சம் விறைப்பாக, வறண்ட மாதிரி இருக்கும். பாலியெஸ்டர் கலந்த துணியிலும் விஸ்கோஸிலும்தான் இதை அதிகம் பார்க்கலாம்.

சரி, டீ-சட்டைக்கு வருவோம். முறுக்கிய நூல் எப்போதும் அவிழப் பார்க்கும். ஒரு நூலை நீட்டிப் பிடித்து இரண்டு கையையும் கிட்டே கொண்டுவாருங்கள், நடுவில் தானாகச் சுருண்டு ஒரு கொக்கி விழும். பனியன் துணி முழுக்க வளையம் வளையமாகப் பின்னியது. தண்ணீர் பட்டதும் நூல் இளகி, அவிழும் திசையில் ஒவ்வொரு வளையமும் ஒரு துளி சாய்கிறது. ஆயிரக்கணக்கான வளையங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் நேராக இருந்த வரிசையே சாய்ந்துவிடும், அதோடு தையலும் கிளம்பிவிடும். ஒற்றை ரிங் நூலில் இது கூடுதல், ஓ.இ.யிலும் வோர்டெக்ஸிலும் குறைவு. பின்னும் வட்ட மெஷினில் ஒரே நேரத்தில் பல நூல் ஓடுவதும் தன் பங்குக்குச் சாய்க்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாக 60 டீ-சட்டை அடித்தோம். இரண்டாவது சலவையில் முதுகில் இருந்த மாப்பிள்ளை பெயர் விலாப்பக்கம் வந்துவிட்டது. அடித்துக் கொடுத்தவரைக் கேட்டால், "அண்ணே, நீங்கதானே சாஃப்ட்டா வேணும்னு கேட்டீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. ஈரத்தில் இழுத்து நேராக்கிப் படுக்கை வாட்டில் காயவைத்தால் அன்றைக்கு நேராக இருக்கும், அடுத்த சலவையில் மறுபடி திரும்பிக்கொள்ளும்.

இரட்டை நூல் இந்தத் தொல்லையை நன்றாகவே அடக்கும். இரண்டு ஒற்றை நூலை எதிர்த் திசையில் சேர்த்து முறுக்குவதால் ஒன்றின் அவிழும் ஆசையை இன்னொன்று தடுக்கிறது. பிசிறும் நடுவில் மாட்டி அமுங்கிவிடுகிறது. சலவைக்கு இதைவிடத் தாங்கும் நூல் அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இந்த இரட்டை நூலை வைத்து ஒரு வேடிக்கையும் நடக்கிறது. "ஆயிரம் திரெட் கவுண்ட்" என்று விரிப்பு விற்கிறார்களே, ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரம் நூலை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு நூலுக்குள் முறுக்கியிருக்கும் இரண்டு மூன்று மெல்லிய நூலைத் தனித்தனியாக எண்ணிக் கணக்கைப் பெருக்கிவிடுவார்கள். அப்படி நுணுக்கிய நூலில் இழையும் சுமாராக இருந்தால் சலவையில் முதலில் பல்லைக் காட்டுவது அதுதான். 300 என்று நேர்மையாகப் போட்ட கோம்டு விரிப்பு அதைவிட அதிக நாள் உழைக்கும்.

துண்டைப் பற்றி ஒரு கதை. சலவை ஆலையில் ஒரு ஹோட்டலுக்குப் புதுத் துண்டு வந்தது. வாங்கியவர் கன்னத்தில் வைத்துப் பார்த்து மயங்கியிருப்பார் போல. மேகம் மாதிரி இருந்தது. முறுக்கே இல்லாத நூல் என்று ஒரு ரகம். முறுக்கில்லாமல் நெய்ய முடியாது என்பதால், வெந்நீரில் கரையும் ஓர் இழையைச் சுற்றிக் கட்டி நெய்வார்கள். பிறகு ஆலையிலேயே கரைத்துவிடுவார்கள். பிடித்துக்கொண்டிருந்தது போய்விட்டது, மிச்சம் இருப்பது சும்மா அடுக்கிய பஞ்சு. ஈரத்தை அருமையாக உறிஞ்சும், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் டிரையரில் வடிகட்டியை ஷிப்டுக்கு ஒரு தடவை துடைத்தது போய் மணிக்கு ஒரு தடவை ஆனது. பக்கத்து வண்டியில் இருந்த கறுப்புச் சீருடை எல்லாம் வெள்ளைப் பூச்சி ஒட்டின மாதிரி. பழி முழுக்க எங்கள் தலையில்: "உங்க மெஷின் துண்டைத் தின்னுது." ஆறு மாதத்தில் துண்டுகள் வழித்த மாதிரி ஆகிவிட்டன. அடுத்து வந்தவை முறுக்கு நூலில் குட்டை வளையம், அடித்தளத்துக்கு இரட்டை நூல். கன்னத்தில் வைத்தால் மேகம் இல்லை, ஆனால் நான் வேலையை விட்டு வரும்போதும் அவை ஓடிக்கொண்டிருந்தன.

ஹோட்டல் விரிப்புகளில் பாலியெஸ்டர் கலப்பது இந்தக் கணக்கில்தான். பழைய ஹோட்டல் விரிப்பைத் தடவினால் ஒரு வழுவழுப்பு தெரியும். பருத்தி கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிக்குப் போய், பாலியெஸ்டர் மிஞ்சியிருக்கிறது. கலப்புத் துணியில் உருண்டை கட்டினால் அது போகவே போகாது என்பது இன்னொரு சங்கதி. பருத்தி உருண்டையின் காம்பு நாளாவட்டத்தில் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை அறுபடாமல் உருண்டையைத் தொங்கவிட்டே வைத்திருக்கும். உங்கள் 45 வெள்ளி விரிப்பில் ஓர் உருண்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் அது பருத்திதான், இன்னும் பத்துச் சலவையில் பாதி தானாகவே குறையும்.

இனி உங்கள் மெஷின், தூள் பற்றி. அவை காரணம் இல்லை, ஆனால் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மெஷினைத் திணிக்காதீர்கள், அதற்காக இரண்டு துணியை மட்டும் போட்டு ஓட்டவும் வேண்டாம். ஜீன்ஸையும் துண்டையும் விரிப்போடு சேர்க்காதீர்கள், அவைதான் அரம் மாதிரி உரசுகின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் குளிர்ந்த நீரில்தான் துவைக்கிறோம், அதில் தூள் சரியாகக் கரையாமல் மணல் போல ஒட்டும். திரவ சோப்பு நல்லது. குளோரின் பிளீச்சை வெள்ளைத் துணிக்கு வாராவாரம் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது இழையையே அரிக்கும். அப்புறம் ரிங் என்ன, ஓ.இ. என்ன. பிளீச் அரித்த துணியைப் பார்த்தாலே தெரியும்: பஞ்சாக மெலியாமல், மடிப்பிலும் விளிம்பிலும் காகிதம் மாதிரி கிழியும்.

டிரையர்தான் உண்மையான கண்டம். பருத்திக்கு இயல்பாகவே எட்டு சதவீதம் அளவுக்கு ஈரம் வேண்டும். அதையும் உறிஞ்சி மொறுமொறுவென்று காயவைத்தால் இழை நொறுங்கும். தொட்டால் லேசாக ஈரம் இருக்கிறதோ என்ற சந்தேகம் வரும்போதே எடுத்துவிடுங்கள். மூங்கில் கம்பு துணிக்கு ரொம்ப மென்மையான இடம், ஆனால் காய்ந்த பிறகும் நடுப்பகல் வெயிலில் மாலை வரை தொங்கவிடாதீர்கள், வெயிலும் பருத்தியை மெதுவாகத் தின்னும். இங்கே ஒன்றரை மணிக்குக் காய்ந்தது மூன்று மணி மழையில் நனையும் என்பதால் எப்படியும் எடுத்துவிடுவீர்கள்.

வடிகட்டியை ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம். புதுத் துணி முதல் மூன்று, ஐந்து சலவையில் பஞ்சு விடுவது சகஜம், நெசவின்போது ஒட்டிக்கொண்டு வந்த தளர்ந்த இழை அது. அதற்கப்புறம் குறைய வேண்டும். பத்தாவது சலவையிலும் அதே அளவு என்றால் அந்த நூலுக்குத் தன் இழையைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அர்த்தம்.

கடையில் கண்டுபிடிப்பது பாதிதான் முடியும். "கோம்டு" என்றோ "காம்பாக்ட்" என்றோ போட்டிருந்தால் நல்ல அறிகுறி. "ரிங் ஸ்பன்" என்று மட்டும் போட்டிருந்தால் அது மிருதுவுக்கான விளம்பரம், ஆயுளுக்கான உத்தரவாதம் இல்லை. துணியை விளக்குக்கு நேரே பிடித்து நூலில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அப்போதே பஞ்சு கிளம்பினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையில் உள்ள வழுவழுப்பை நம்பவே கூடாது, அது பெரும்பாலும் சிலிக்கோன் பூச்சாக இருக்கும், சில சலவையில் போய்விடும். விரிப்புக்குக் கோம்டு ரிங், முடிந்தால் காம்பாக்ட். துண்டுக்கு முறுக்கு நூல். சமையலறைத் துணிக்கும் பருமனான போர்வைக்கும் ஓ.இ. தாராளமாகப் போதும், அங்கே ரிங் கேட்பது வீண் செலவு. பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டையில் கலப்பு நூல் என்றால் வோர்டெக்ஸ் நல்லது, ஆனால் லேபிளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அபூர்வம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள், ஊசி ஒன்று போதும். இரண்டு விரிப்பிலும் மடித்துத் தைத்த விளிம்புக்குள் இருந்து ஒரு விரல் நீள நூலை உருவி எடுங்கள். கறுப்புத் துணி மேல் வைத்து, இரண்டு நுனியையும் பிடித்து முறுக்குக்கு எதிராகத் திருப்புங்கள். ரிங் நூல் என்றால் சில சுற்றில் அப்படியே மலர்ந்து, இழைகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் படுத்து, இழுத்தால் சத்தமில்லாமல் வழுக்கிப் பிரியும். ஓ.இ. நூல் முழுதாக மலராது. ஓரிடத்தில் தளரும், பக்கத்திலேயே ஒரு இழை குறுக்கே இறுகச் சுற்றிக்கொண்டு விட மாட்டேன் என்று நிற்கும். பிறகு பிரிந்த இழையில் நாலைந்தை அளவுகோல் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் நல்ல இழை. 15க்குக் கீழேயே வந்துகொண்டிருந்தால் அந்த 28 வெள்ளி விரிப்பைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, மெலியாத கால்மாட்டுப் பகுதியைத் தலையணை உறைக்கு வெட்டிவிடுங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள் தங்கச்சி. நான் ஓ.இ. என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நூலைப் பார்க்காமல் பந்தயம் கட்ட மாட்டேன்.